கொசுவலைக்குள் தக்காளிச் செடி

“முளைக்க மாட்டேங்குது, ராமாத்தா!”

மொபெட்டுக்கு ஸ்டாண்டு போடுவதற்கு முன்னாலேயே குழந்தைவேலு வாத்தியார் இதைச் சொல்லிவிட்டார்.

ஞானம் தேடிப் புறப்படுகிறவர்கள் மலை ஏறுவார்கள். காட்டுக்குள் போவார்கள். தாடி வைத்த குருவாகப் பார்த்துக் காலில் விழுவார்கள். நம்ம சிஷ்யர் போனது கோபிசெட்டிபாளையத்துக்கு வெளியே, நம்பியூர் ரோட்டில் இருக்கிற ஒரு நாற்றுப் பண்ணைக்கு. சிஷ்யருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தொன்பது.

குரு அப்போது சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குழித்தட்டில் குழிக்கு ஒரு விதையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரு கூத்து உண்டு. இந்த ராமாத்தாளுக்குப் பிளஸ் ஒன்னில் தாவரவியல் நடத்தினதே இதே குழந்தைவேலுதான். முப்பத்து நான்கு வருஷ சர்வீஸ். கரும்பலகையில் அவர் பூ வரைந்தால் ஈ வந்து உட்காரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். ஆனால் சாக்பீஸ் பிடித்த அந்தக் கை ஒரு வெண்டை விதையைக்கூட மண்ணில் ஊன்றினது இல்லை. செடியெல்லாம் அவருக்குப் படமாகத்தான் பழக்கம்.

“என்ன விதைங்க சார்?”

“நீ குடுத்ததுதான். சாலட் தக்காளி. என்ற மக இளமதி வந்து வாங்கிட்டுப் போனாளே.”

“எத்தன நாளாச்சுங்க?”

“ஒம்பது நாள். பன்னெண்டு விதை போட்டேன். ஒண்ணுகூட எட்டிப் பார்க்கலை. கெட்டுப்போனதைக் குடுத்துட்டியா?”

“நீங்க எட்டிப் பார்த்தீங்களா?”

“பார்க்காம இருப்பனா?” வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. இடுக்கியில விதையை வெளிய எடுப்பேன். பூதக்கண்ணாடி வெச்சுப் பார்ப்பேன். நோட்டுல எழுதுவேன். திருப்பி அதே எடத்துல வெச்சு மண்ணை மூடிருவேன். ஒரு நாள் தவறினது கெடையாது.”

ராமாத்தாள் சிரிக்கவில்லை. சிரிப்பை எங்கே வைத்துப் பூட்டினாளோ, தெரியாது.

“உள்ள வாங்க சார். டீ சாப்பிடுங்க” என்றாள்.

ஷெட்டுக்குள் சுவரில் அம்மன் படம் இருந்தது. பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள். வாத்தியார் மூக்குக்கண்ணாடி கொண்டு வரவில்லை. பண்ணை லைசென்சாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

டீ வந்தது. டம்ளரை வாயருகே கொண்டுபோனார்.

“குடுங்க சார்” என்று ராமாத்தாள் அதை வாங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

சர்க்கரை பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தார்.

மறுபடி வாயருகே கொண்டுபோனார். மறுபடி வாங்கினாள். பார்த்தாள். கொடுத்தாள்.

மூன்றாம் தடவையும் அதேதான். நாலாம் தடவை உதடு டம்ளரில் பட்டே விட்டது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“ஏம்மா! மனுசனை டீ குடிக்க உடுவியா மாட்டியா?”

“குடிச்சுட்டீங்களான்னு பார்த்தனுங்க சார்.”

வாத்தியார் அவளை முறைத்தார். டம்ளரை முறைத்தார். அப்புறம் குனிந்து, தன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த இடுக்கியைப் பார்த்தார்.

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். இன்னொரு பாக்கெட் விதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.



பன்னிரண்டு விதைக்கு இத்தனை பதற்றமா என்று நீங்கள் கேட்கலாம். விஷயம் தக்காளி இல்லை. இளமதி.

இளமதிக்கு இருபத்திரண்டு வயது. ஒரே மகள். இன்ஜினியரிங் கடைசி வருஷம். புனேயில் ஒரு கார் கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. படிப்பு முடிந்ததும் வருகிறாளா, இல்லையா என்று மாசி மாசம் முடிவதற்குள் அவள் எழுதிவிட வேண்டும்.

வாத்தியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட மனுஷர் இல்லை அவர். சரி என்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

புனே எங்கே, கோபி எங்கே! மகள் பெருந்துறைக் காலேஜுக்குப் போவதே அவருக்கு வெளிநாடு. நாலு வருஷமாகத் தினம் காலையில் காலேஜ் பஸ்ஸுக்குப் பின்னாலேயே மொபெட்டில் போவார். பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். ஹெல்மெட் போட்டிருப்பதால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று அவர் நினைப்பு. டிரைவர் முதற்கொண்டு பஸ்ஸில் அத்தனை பேருக்கும் தெரியும். கடைசி சீட்டுப் பிள்ளைகள் அவரைப் பார்த்துத் தினம் கையாட்டுவார்கள். யாரையோ பார்த்து ஆட்டுகிறார்கள் என்று அவரும் பாவம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

ஐப்பசியில் ஒரு நாள் இளமதி நேராகவே கேட்டுவிட்டாள்.

“அப்பா, புனேக்குப் போகட்டுங்களா?”

அன்றைக்குத்தான் அவள் அந்த விதைப் பாக்கெட்டை அவருக்கு வாங்கி வந்திருந்தாள். ரிட்டயர் ஆன மனுஷர் ஹெல்மெட்டும் தலையுமாகத் திரியாமல் செடி கொடி என்று இருக்கட்டுமே என்று. பாக்கெட் வாத்தியாரின் கையில் இருந்தது. தப்பிக்க ஒரு சந்து கிடைத்தது.

“இதுல மொதப் பழம் பழுக்கட்டும், கண்ணு. பழுத்த அன்னிக்கு நீ போறதுக்குச் சரின்னு சொல்லிடறேன்.”

“நெசமாலுமா?”

“நெசமா.”

இளமதி பாக்கெட்டைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். விதைத்துத் தொண்ணூறாம் நாள் பழம் என்று அச்சடித்திருந்தது. விரல் விட்டு எண்ணினாள். தை கடைசி. மாசி முழுக்க மிச்சம் இருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அம்மா சௌந்தரத்துக்குத்தான் பிடிபடவில்லை. “ரசத்துக்கு ஆகாத தக்காளி என்ன தக்காளி?” என்றாள். ஆனாலும் மகளுக்காக மொட்டைமாடியில் தென்கிழக்கு மூலையை விட்டுக்கொடுத்தாள். லேசில் விடுகிற மூலை இல்லை அது. வருஷா வருஷம் அவள் வடகம் காயப்போடுகிற இடம். வீட்டிலேயே வெயில் கொட்டுகிற இடம் அது ஒன்றுதான்.

“மாசி வரைக்கும்தானுங்க. பங்குனி பொறந்தா என்ற மூலை எனக்கு வந்துறோணும்” என்று அப்போதே சொல்லிவிட்டாள்.



ராமாத்தாளின் டீயைக் குடித்துவிட்டு வந்த பிறகு மாடியில் இருந்த தொட்டியில் இரண்டாம் தடவை விதைத்தார். இடுக்கியை அவரே கொண்டுபோய்ச் சௌந்தரத்தின் கையில் கொடுத்து, “எங்கியாச்சும் ஒளிச்சு வெச்சுரு. நான் அழுது கேட்டாலும் தராதே” என்றார்.

அந்த ஆறு நாள் அவர் பட்ட பாடு அந்த மாடிப்படிக்குத்தான் தெரியும். பாதிப் படி ஏறுவார். இறங்குவார். ஏறுவார். “பேப்பர் வந்துச்சா பார்க்கறேன்” என்பார். பேப்பர் என்றைக்கு மாடியில் வந்து விழுந்தது?

ஆறாம் நாள் காலை மாடியிலிருந்து இளமதி கத்தினாள். பன்னிரண்டில் பதினொன்று முளைத்திருந்தது.

வாத்தியார் ஓடிப்போய்ப் பார்த்தார். மண்ணை முட்டிக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு, பச்சையாகப் பதினொரு உயிர். முப்பத்து நான்கு வருஷமாகத் தான் வரைந்ததெல்லாம் இதைத்தானா என்று நினைத்தார். கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை. அவ்வளவுதான், தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டார்.



“சாஞ்சு போச்சு, ராமாத்தா.”

டிபன் கேரியரைத் திறந்து ஒரு நாற்றை எடுத்து நீட்டினார். நூல் மாதிரி தண்டு. நுனியில் சோகையாக இரண்டு இலை.

“எங்க வெச்சு வளர்த்தீங்க?”

“பீரோவுக்குப் பக்கத்துல. மாடியில பாரு, மழை, குருவி, அணில், பூனைன்னு ஆயிரம் தொல்லை. ஊட்டுக்குள்ளன்னா ஒரு பயமும் இல்லை.”

ராமாத்தாள் மண் நிரப்பின பை ஒன்றை இழுத்தாள். ஆழமாகக் குழி பறித்தாள். நாற்றை அதற்குள் இறக்கி மண்ணைத் தள்ளினாள். தண்டு முழுக்க உள்ளே போய்விட்டது. இரண்டு இலை மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

“ஐயையோ! கழுத்து வரைக்கும் பொதைச்சுட்டியே!”

“ஆமாங்க.”

“மூச்சு முட்டிச் செத்துருமே!”

“பொதைச்ச தண்டெல்லாம் வேர் உடுமுங்க சார்.”

“இது எந்தப் புஸ்தகத்துல இருக்குது?”

“தக்காளிக்குப் படிக்கத் தெரியாதுங்களே.”

வாத்தியாருக்குச் சுருக்கென்றது.

“மத்ததையும் இப்படியே நட்டு, கொண்டுபோய் வெயில்ல வைங்க” என்றாள் அவள்.

“மழை வந்தா?”

“நனையுமுங்க.”

“காக்கா வந்தா?”

“வருமுங்க.”

“காத்தடிச்சா?”

ராமாத்தாள் விதை போடுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள்.

“அடிக்குமுங்க சார்” என்றாள். மறுபடி குனிந்து விதை போட ஆரம்பித்தாள்.



அவள் சொன்னபடியே பைகளில் நட்டு, மாடி மூலையில் வெயிலில் வைத்தார். அவள் சொன்னபடியே வேர் விட்டது. மார்கழியில் செடிகள் முழங்கால் உயரம். தையில் இடுப்பு உயரம். இலையைத் தொட்டால் கையெல்லாம் தக்காளி வாசம். பொங்கல் முடிந்த மறுவாரம் முதல் பூ வந்தது. சின்னதாக, மஞ்சளாக, தலையைக் கவிழ்த்துக்கொண்டு.

“பூத்துருச்சு! பூத்துருச்சு!” என்று இளமதி குதித்தாள். புனேயில் குளிருமாமே என்று அன்றைக்கே ஸ்வெட்டர் விலை விசாரித்தாள்.

வாத்தியாருக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சந்தோஷத்தோடு கூடவே பயமும் வந்துவிடுகிற ஜாதி அவர். மதிற்சுவரில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. அணில் ஒன்று ஓடியது. மத்தியானம் காற்றடித்து ஒரு செடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. மூணு மாச உழைப்பு! மகளுக்குக் கொடுத்த வாக்கு! விடுவாரா?

பரணில் கிடந்த பெரிய கொசுவலையை எடுத்தார். சௌந்தரத்துக்குக் கல்யாணச் சீரில் வந்தது. நாலு மூலைக்கும் மூங்கில் நிறுத்தி, பதினொரு செடிக்கும் சேர்த்து வலையைக் கட்டினார். காற்று வருகிற மேற்குப் பக்கம் தார்ப்பாய். அதுவும் போதாதென்று ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு குச்சி ஊன்றி, சணல் கயிற்றால் அஞ்சு அஞ்சு இடத்தில் இறுக்கிக் கட்டினார்.

“அசைஞ்சா பூ உதிர்ந்துரும், சௌந்தரம். ஒரு இலை அசையக் கூடாது.”

ஒரு இலை அசையவில்லை. வாத்தியார் வலைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்று, பிரசவ வார்டில் குழந்தையைப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் முதல் பூ உதிர்ந்தது.

சரி, முதல் பூதானே என்றார்கள். அடுத்த கொத்து வந்தது. அதுவும் உதிர்ந்தது. வாத்தியார் நோட்டில் எழுதினார். பதினேழு. நாற்பத்தொன்று. எண்பது. உரம் மாற்றினார். தண்ணீரை அளந்து அளந்து ஊற்றினார். கயிற்றை இன்னும் இறுக்கினார். பூ வருவதும் நிற்கவில்லை, உதிர்வதும் நிற்கவில்லை. பிஞ்சு மட்டும் ஒன்றுகூட இல்லை.

“அடுத்த கொத்துல புடிச்சுக்குங்கப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்த இளமதி, மாசி பிறந்ததும் அதைச் சொல்வதை விட்டுவிட்டாள். வலைக்குள் போய் உதிர்ந்ததைப் பெருக்குவாள். வெளியே வருவாள். பேசாமல் பஸ்ஸுக்குப் போவாள்.

மாசி பத்தாம் தேதி காலை, கை நிறைய மஞ்சள் பூவோடு கீழே வந்தாள். சாமி படத்துக்கு முன்னால் கொட்டினாள்.

“சாமிக்காச்சும் ஆகட்டும்” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சௌந்தரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏனுங்க, நீங்க வேணும்னேதான் காய்க்க உடாம பண்றீங்க.”

“நானா? வெயில்ல கருகிக் கருகிப் பார்த்துக்கறவன் நான்!”

“புள்ளை போயிருவாள்னு உங்களுக்குப் பயம். அதான் அந்தச் செடியை என்னமோ பண்றீங்க.”

“சத்தியமா இல்லை, சௌந்தரம்.”

“அப்ப ஏன் காய்க்கலை? நீங்கதானே தாவரவியல் வாத்தியார். சொல்லுங்க.”

  பயம் இருப்பது நிஜம்தானே. ஆனால் செடிக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லையே. அன்று பஸ்ஸுக்குப் பின்னால்கூட அவர் போகவில்லை. நோட்டை எடுத்தார், மூக்குக்கண்ணாடியை எடுத்தார், நம்பியூர் ரோட்டுக்கு மொபெட்டைத் திருப்பினார்.



“காய்க்கலை, ராமாத்தா.”

அவர் முகத்தைப் பார்த்ததும் ராமாத்தாள் குழித்தட்டைத் தள்ளி வைத்தாள்.

வாத்தியார் எல்லாவற்றையும் கொட்டினார். இளமதி, புனே, மாசி, முதல் பழம், சௌந்தரம் சொன்னது, எல்லாம்.

“பூ வருதுங்களா?”

“நூத்தி நாப்பத்தாறு வந்துச்சு. அத்தனையும் உதிர்ந்துருச்சு. நோட்டுல இருக்குது, பாரு.”

“வெயில்?”

“வடக மூலை.”

“தண்ணி?”

“அளந்துதான்.”

“பூச்சி, காக்கா?”

“அதெப்படி வரும்?” அந்தக் கவலையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. “சுத்தியும் கொசுவலை. மேக்கால தார்ப்பாய். ஒவ்வொரு தண்டையும் அஞ்சு எடத்துல கட்டி வெச்சிருக்கேன். இலைகூட அசையாது. எதனால காய்க்கலைன்னு நீதான் சொல்லோணும்.”

“இந்தக் கேள்விக்கு நான் அப்பவே பதில் எழுதிட்டனுங்க சார்.”

“எப்ப?”

ராமாத்தாள் எழுந்து ஷெட்டுக்குள் போனாள். அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

வாத்தியார் கண்ணாடியை மாட்டினார்.

லைசென்ஸ் இல்லை. பிளஸ் ஒன் அரைப்பரீட்சைத் தாள். பழுப்பேறிப் போயிருந்தது. கேள்வியை ஒரு எழுத்து விடாமல் எழுதியிருந்தது.

‘தக்காளிப் பூவில் மகரந்தச் சேர்க்கை நடைபெறும் விதத்தைப் படத்துடன் விளக்குக. ஐந்து மதிப்பெண்.’

அதற்குக் கீழே பதில். ஒரே வரி.

‘செடி ஆடணும் சார்.’

அதன் மேல் சிவப்பு மையில் கோழிமுட்டை மாதிரி ஒரு சைபர். பக்கத்தில், ‘படம் எங்கே?’ என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது. யார் கையெழுத்து என்று கேட்க வேண்டியதில்லை.

வாத்தியாருக்கு ஞாபகம் வந்துவிட்டது. காது மடல் சூடேறியது.

“நான் இதைக் கிளாஸ்ல சத்தமாப் படிச்சேன், இல்ல?”

“ரெண்டு தடவைங்க சார்.”

“எல்லாரும் சிரிச்சாங்க.”

“மேசை தட்டிச் சிரிச்சாங்க.”

“உனக்குக் கோவம் வரலியா?”

“கோவம் எங்கீங்க வந்துது? சந்தேகம்தான் வந்துது. எங்க தோட்டத்துல பார்த்ததைத்தான் எழுதினேன். சார் சைபர் போட்டுட்டாரு, அப்ப நெசமாவே தப்பான்னு. ஊட்டு வாசல்ல ரெண்டு செடி வெச்சேன். ஒண்ணை அதும்பாட்டுக்கு உட்டேன். ஒண்ணை அசையாமக் கட்டி வெச்சேன்.” கையை நீட்டிப் பண்ணை முழுக்க ஒரு சுற்றுக் காட்டினாள். “பார்த்துக்கிட்டே இருந்ததுல இங்க வந்து நின்னுட்டனுங்க.”



வாத்தியாருக்குத் தெரியாததா என்ன? தக்காளிப் பூவுக்குள்ளேயே மகரந்தமும் உண்டு, சூலும் உண்டு. பூ ஆடினால் மகரந்தம் கொட்டும், காய் பிடிக்கும். ஆடாவிட்டால் உதிர்ந்து போகும். வருஷம் தவறாமல் அந்தப் படத்தை வரைந்து, பூவுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, ‘காற்று’ என்று எழுதுவார். அந்த அம்புக்குறிக்குத்தான் மாடியில் தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறார்.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ரிட்டயர் ஆகியும் அது அவரை விட்டுப் போகவில்லை.

“அந்தத் தாளை வெளிய எடும்மா. அஞ்சுக்கு அஞ்சு போட்டுத் தந்தர்றேன்.”

“வேண்டாமுங்க சார். சைபர் நல்லா இருக்குதுங்க.”

பேனாவைத் திருப்பிச் செருகிக்கொண்டார்.

“இன்னிக்குப் பிஞ்சு புடிச்சா, மாசிக்குள்ள பழுக்குமா?”

“பழுக்காதுங்க. பங்குனி பாதி ஆயிரும்.”

“அப்ப என்ற மகளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும், ராமாத்தா?”

ராமாத்தாள் அவர் கையிலிருந்து சட்டத்தை வாங்கினாள். போய் ஆணியில் மாட்டினாள். வந்து உட்கார்ந்து விதை போட ஆரம்பித்தாள்.

சட்டம் ஆணியில் கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மொபெட்டைக் கிளப்பினார்.



சாயங்காலம் இளமதி காலேஜிலிருந்து வந்தபோது வாசலில் தார்ப்பாய் சுருட்டிக் கிடந்தது. கொடியில் கொசுவலை துவைத்துத் தொங்கியது. மாடிக்கு ஓடினாள்.

அப்பா கையில் சமையல்கட்டுப் பழைய கத்தி ஒன்று. கடைசிச் செடியின் கடைசிக் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் புரியாமல் ஓரத்தில் நின்றாள்.

மாசிக் காற்று மேற்கிலிருந்து நேராக வந்தது. பதினொரு செடியும் மொத்தமாக ஆடின. ஒன்று ரொம்பவே சாய்ந்தது. வாத்தியாரின் கை தானாகப் பிடிக்கப் போனது. இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். செடி சாய்ந்த வேகத்தில் நிமிர்ந்துகொண்டது.

“அப்பா, வலை எங்கீங்க?”

“எடுத்துட்டேன்.”

“காக்கா வருமே?”

“வரும்.”

“காத்து இப்படி அடிக்குதே?”

“அடிக்கும், கண்ணு.” பூங்கொத்து ஒன்றை விரலால் லேசாகச் சுண்டினார். நகத்தில் மஞ்சளாகப் பொடி ஒட்டியது. அதை மகளுக்குக் காட்டினார். “அந்தக் கம்பெனிக்கு எழுதிரு. வர்றேன்னு.”

இளமதி செடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“ஒரு பிஞ்சுகூட இல்லீங்களே. பழுத்தாத்தானே போகச் சொன்னீங்க?”

“பழுக்கும். இன்னிக்கு ஆடிருக்குது இல்ல, பழுக்கும். முன்னப் பின்ன ஆகும். அதுக்காக நீ எதுக்குக் காத்துக்கிட்டு நிக்கோணும்?”  அறுத்துப் போட்ட கயிற்றைக் குனிந்து சுருட்டினார். “அங்க போனதும் விலாசம் எழுதிப் போடு. அப்பக் காய்ச்சதுல உனக்கு ஒரு டப்பா அனுப்பி வெக்கறேன்.”

“அப்ப பங்குனியில என்ற வடகம்?” என்றாள் சௌந்தரம். ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

இளமதி அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“பார்சல்லதானே அனுப்புவீங்க? மொபெட்ல பின்னாடியே வந்துற மாட்டீங்களே?”

வாத்தியார் திடுக்கிட்டார்.

“உனக்குத் தெரியுமா?”

“டிரைவருக்கே தெரியுமுங்கப்பா.”



மறுநாள் காலை எட்டு மணிக்குக் காலேஜ் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. கடைசி சீட்டுப் பிள்ளைகள் எப்போதும்போலத் திரும்பிக் கையைத் தூக்கினார்கள்.

பின்னால் ரோட்டில் ஒருத்தரும் இல்லை.

தூக்கின கையை எல்லோரும் இறக்கிக்கொண்டார்கள். இளமதி மட்டும் எழுந்து கடைசி சீட்டுக்கு வந்து, அந்தக் காலி ரோட்டைப் பார்த்துக் கையாட்டினாள்.